"எவ்ளோ கிலோமீட்டர் ஓடும்?" என்பது கடைசிக் கேள்வி: வேகமான காருக்கு டயர் மாற்றும்போது எதைப் பார்க்க வேண்டும்?

காரை சர்வீஸுக்கு விட்ட அன்று மாலையே போன் வரும். "சார், நாலு டயரும் முடிஞ்சிருச்சு. மாத்திருங்க." மறுநாள் டயர் கடையில் போய் நிற்போம். நாம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, இது எவ்ளோ கிலோமீட்டர் ஓடும்?" அடுத்தது, "கடைசி விலை என்ன?" மூன்றாவது கேள்வி பெரும்பாலும் இருக்காது.

நகருக்குள் மட்டும் ஓடும் சின்ன காருக்கு இந்த இரண்டு கேள்வியை வைத்தே ஓரளவு சமாளித்துவிடலாம். ஆனால் டர்போ இன்ஜின் கார்களின் கதை வேறு. வெர்ட்டஸ் ஜிடி, ஸ்லாவியா 1.5, ஐ20 என் லைன் மாதிரியான கார்களை நம்மில் பலர் முதல் சம்பள உயர்விலோ முதல் போனஸிலோ ஆசைப்பட்டு வாங்குகிறோம். வாங்கும்போது இன்ஜின், கியர்பாக்ஸ், சன்ரூஃப் எல்லாவற்றையும் பத்து ரிவ்யூ பார்த்து முடிவு செய்கிறோம். மூன்று, நான்கு வருடம் கழித்து டயர் மாற்றும்போது மட்டும் பத்து நிமிடத்தில் முடிவெடுக்கிறோம்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பார்க்க வேண்டும்? உதாரணத்துக்கு வெர்ட்டஸ் ஜிடியை எடுத்துக்கொள்வோம். 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 பிஎஸ் பவர், 250 நியூட்டன் மீட்டர் டார்க். டயர் அளவு 205/55 ஆர்16. உங்கள் கார் வேறாக இருந்தாலும் கணக்கு இதேதான்.

நான்கு உள்ளங்கைகளின் மேல் ஒரு கார்

காரில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மொத்த எடை 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 350 கிலோ. டயரில் காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ. 350-ஐ 2.3-ஆல் வகுத்தால் சுமார் 150 சதுர சென்டிமீட்டர்.

ஒரு டயர் எந்த நேரத்திலும் சாலையைத் தொடும் பரப்பு தோராயமாக அவ்வளவுதான். விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை அளவு. 150 பிஎஸ் பவரும், டிஸ்க் பிரேக்கும், ஏபிஎஸ்ஸும், ஈஎஸ்சியும் என்ன செய்தாலும் இந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான் செய்ய முடியும். ஏபிஎஸ் பிடிப்பை உருவாக்குவதில்லை. டயர் தருகிற பிடிப்பை வீணாக்காமல் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். டயர் தராததை எந்த எலக்ட்ரானிக்ஸும் தர முடியாது.

முக்கால் பங்கு பிடிப்பு இருந்தால் என்ன ஆகும்?

ஒரு சின்ன இயற்பியல் கணக்கு. பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பு லெவல்தான்.

மழையில் நனைந்த நெடுஞ்சாலை. 100 கி.மீ. வேகத்தில் இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் போகின்றன. இரண்டும் ஒரே மாடல். முன்னால் ஒரு லாரி திடீரென நிற்கிறது. இரண்டு டிரைவர்களும் ஒரே நொடியில் முழு பிரேக் அடிக்கிறார்கள். முதல் காரில் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் டயர். இரண்டாவது காரின் டயருக்கு அதில் முக்கால் பங்கு பிடிப்பு மட்டுமே.

முதல் கார் 49 மீட்டரில் நிற்கிறது என்றால், இரண்டாவது காருக்கு 65 மீட்டருக்கு மேல் தேவை. வித்தியாசம் 16 மீட்டர். வெர்ட்டஸ் மாதிரி மூன்றரை கார்களை வரிசையாக நிறுத்தும் நீளம்.

கவனிக்க வேண்டியது அந்த 16 மீட்டரைக்கூட அல்ல. முதல் கார் முழுசாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 50 கி.மீ. இருக்கும். பிடிப்பு கால் பங்குதான் குறைந்தது. ஆனால் லாரியின் பின்புறத்தில் மோதும் வேகம் பூஜ்யத்துக்குப் பதில் 50. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் கூடுவதால் வரும் விளைவு இது.

டயர் கடையில் நாம் கேட்காமல் விடும் மூன்றாவது கேள்வி இதுதான்: "ஈரத்துல எப்படிப் பிடிக்கும்?"

மழையில் வழுக்குவது ஏன்?

சாலையில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது, டயர் அந்தத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளிவிட்டுத்தான் ரோட்டைத் தொட வேண்டும். அதற்குத்தான் டயரில் அந்தப் பள்ளங்கள். வேகம் கூடக் கூட, ஒதுக்குவதற்குக் கிடைக்கும் நேரம் குறையும். ஒரு கட்டத்தில் டயர் தண்ணீரின் மேலேயே ஏறிவிடும். ஸ்டியரிங் திடீரென லேசாகிவிடும், திருப்பினால் திரும்பாது. இதைத்தான் ஹைட்ரோபிளேனிங் அல்லது அக்வாபிளேனிங் என்கிறார்கள்.

விமான டயர்களை வைத்து நாசா செய்த ஆய்வுகளில் இருந்து ஒரு எளிய சூத்திரம் கிடைத்தது. டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், டயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். பள்ளத்தின் ஆழத்தைவிடத் தண்ணீர் அதிகமாக இருக்கும்போது, அதாவது டயர் நன்றாகத் தேய்ந்திருக்கும்போது, இந்தக் கணக்கு பொருந்தும்.

32 பிஎஸ்ஐ இருந்தால் அந்த வேகம் சுமார் 94 கி.மீ. அதே டயரில் காற்று 24 பிஎஸ்ஐக்கு இறங்கியிருந்தால் சுமார் 82 கி.மீ. கார் டயருக்கு இது தோராயக் கணக்குதான். ஆனால் சொல்லும் செய்தி தெளிவு: தேய்ந்த டயர், குறைந்த காற்று, தேங்கிய தண்ணீர் மூன்றும் சேர்ந்தால், நாம் பாதுகாப்பு என்று நினைக்கிற வேகத்திலேயே கார் மிதக்கும்.

சட்டப்படி கார் டயரில் பள்ளத்தின் ஆழம் குறைந்தபட்சம் 1.6 மி.மீ. இருக்க வேண்டும். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் 1.6-ஐத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். ஆனால் 1.6 என்பது சட்டத்தின் எல்லை. அதுவரை டயர் புதுசு மாதிரியே பிடிக்கும் என்று அர்த்தமில்லை. புது டயரின் ஆழம் பொதுவாக 7, 8 மி.மீ. அது குறையக் குறைய ஈரப்பிடிப்பும் குறைந்துகொண்டே வரும். நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓட்டுபவர்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் 3 மி.மீ. அளவிலேயே மாற்றிவிடுவது நல்லது. "இந்த மழை முடிஞ்சதும் மாத்திக்கலாம்" என்பது தலைகீழ்க் கணக்கு.

டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது?

205/55 ஆர்16 91வி. இதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

205: டயரின் அகலம், மி.மீ. கணக்கில்.

55: பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 சதவீதம். இங்கே சுமார் 113 மி.மீ.

ஆர்16: ரேடியல் வகை, 16 இன்ச் ரிம்.

91: எடை தாங்கும் குறியீடு. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 94 என்றால் 670 கிலோ.

வி: வேகக் குறியீடு. டி என்றால் 190 கி.மீ., ஹெச் 210, வி 240, டபிள்யூ 270 கி.மீ.

"நான் எங்க 240 போகப் போறேன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வேகக் குறியீடு அதிகபட்ச வேகத்தை மட்டும் சொல்வதில்லை. அந்த டயர் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. மே மாத மதியத்தில் ஃபுல் லோடுடன் நெடுஞ்சாலையில் போகும்போது அந்தத் தாங்குதிறன் வேலை செய்யும். கார் நிறுவனம் கொடுத்த எடைக் குறியீட்டுக்கும் வேகக் குறியீட்டுக்கும் கீழே இறங்காதீர்கள். மேலே போகலாம்.

இன்னொன்று, டாட் என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள். 2324 என்றிருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. ஓடாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருடத்தில் மாற்றிவிட வேண்டும் என்று டயர் நிறுவனங்களே சொல்கின்றன. "ஆஃபர்ல இருக்கு சார்" என்று தரும் டயரில் முதலில் பார்க்க வேண்டியது இந்த நான்கு இலக்கங்களைத்தான்.

ட்ரெட்வேர் நம்பரை நம்பலாமா?

பல டயர்களில் ட்ரெட்வேர் 300, 420 என்று ஒரு எண் இருக்கும். இது அமெரிக்க விதிமுறைப்படி போடப்படுவது. ஒப்பீட்டு டயருக்கு 100 என்று வைத்து, இது எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்று சொல்கிறது. எண் கூடினால் ஆயுள் கூடும். ஆனால் இந்த எண்ணைத் தீர்மானிப்பது டயர் நிறுவனமேதான். அதனால் ஒரே பிராண்டின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும். ஒரு பிராண்டை இன்னொரு பிராண்டோடு ஒப்பிட அவ்வளவாக உதவாது.

பக்கத்தில் டிராக்‌ஷன் ஏஏ, ஏ, பி, சி என்றும் ஒரு தரம் இருக்கும். ஈரச் சாலையில் நேராக வழுக்கும்போது உள்ள பிடிப்பை மட்டும் இது சொல்கிறது. வளைவில் எப்படிப் பிடிக்கும், தேங்கிய தண்ணீரை எப்படி ஒதுக்கும் என்பது இதில் வராது.

இந்தியாவிலும் ஈரப்பிடிப்பு, உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு, சத்தம் ஆகியவற்றுக்கு ஏஐஎஸ்-142 என்ற தரநிலை இருக்கிறது. 2022 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கான அறிவிக்கையை வெளியிட்டது. ஆனால் அது ஒரு குறைந்தபட்சக் கோடு. எல்லா டயரும் பாஸ் என்பதால், எல்லா டயரும் ஒரே மார்க் என்று ஆகாது. நீங்கள் பார்க்கும் மாடலுக்கு ஐரோப்பிய லேபிள் இருந்தால் அது இன்னும் உதவும். அதில் ஈரப்பிடிப்புக்குத் தனியாக ஏ முதல் ஈ வரை தரம் இருக்கும். மழைத்துளி படம் போட்ட கட்டத்தைப் பாருங்கள்.

டூரிங்கா, ஸ்போர்ட்ஸா?

ஒரே அளவில், ஒரே நிறுவனத்திலேயே இரண்டு குணமுள்ள டயர்கள் கிடைக்கும். மிஷெலினில் பிரைமசி டூரிங் வகை, பைலட் ஸ்போர்ட் ஸ்போர்ட்ஸ் வகை. பிரிட்ஜ்ஸ்டோனில் டுரான்சா, பொடென்சா. குட்இயரில் அஷ்யூரன்ஸ், ஈகிள் எஃப்1. பிராண்ட் பெயரை மட்டும் சொல்லி டயர் கேட்டால் பயனில்லை என்பது இதனால்தான்.

டூரிங் டயர் சத்தம் குறைவு, பள்ளத்தில் மென்மை, ஆயுள் அதிகம். ஸ்போர்ட்ஸ் டயரில் பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் உடனே திரும்பும். ரப்பர் கலவை சாலையை இறுக்கிப் பிடிக்கும். பதிலுக்கு சீக்கிரம் தேயும், சத்தமும் கொஞ்சம் கூடும்.

யாருக்கு எது? வாரத்தில் ஐந்து நாள் ஓஎம்ஆர் டிராஃபிக்கில் நின்று, வருடத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போகிறவருக்கு, ஈரப்பிடிப்பு நன்றாக உள்ள டூரிங் டயரே போதும். மாதம் ஒருமுறை வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கோ கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கோ கிளம்புகிறவருக்கு ஸ்போர்ட்ஸ் டயர் கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுவதற்கான, பள்ளம் குறைந்த, கிட்டத்தட்ட ரேஸ் டயரையே தினசரி காருக்குப் போடுவது. காய்ந்த தளத்தில் அபாரமாகப் பிடிக்கும். ஆனால் நவம்பர் மழையில் தண்ணீரை ஒதுக்கப் பள்ளம் போதாது. 'அதிகப் பிடிப்பு' என்று யாராவது சொன்னால், எந்தச் சாலையில் என்று கேளுங்கள்.

17 இன்ச்சுக்கு மாறலாமா?

டயர் மாற்றும் நேரத்தில்தான் இந்த ஆசையும் வரும். தோற்றம் கெத்தாக இருக்கும், உண்மைதான். கணக்கையும் பார்த்துவிடுவோம்.

205/55 ஆர்16 டயரின் மொத்த விட்டம் சுமார் 632 மி.மீ. 225/45 ஆர்17 போட்டால் 634 மி.மீ. வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவு, ஸ்பீடோமீட்டர் குழம்பாது. 215/50 ஆர்17 போட்டால் 647 மி.மீ. இரண்டு சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் அதைவிட 2 கி.மீ.க்கு மேல் கூடுதல் வேகத்தில் போகும். டயர் உட்பக்கம் உரசவும் வாய்ப்பு உண்டு.

ரிம் அகலமும் முக்கியம். 225/45 ஆர்17 டயருக்கு 7 முதல் 8.5 இன்ச் அகலமுள்ள ரிம் தேவை. அதைவிடக் குறுகிய ரிம்மில் திணித்தால் டயர் சரியாக உட்காராது.

அடுத்து பள்ளங்கள். பக்கச்சுவர் 113 மி.மீ.லிருந்து 101 மி.மீ. ஆகக் குறைகிறது. போன மழையில் தோண்டி, இந்த மழை வரை மூடாத பள்ளத்தில் விழும்போது, டயர் பக்கத்தில் முட்டை மாதிரி வீங்குவதும் ரிம் வளைவதும் இதனால்தான் கூடுகிறது. பக்கச்சுவரில் வீக்கம் வந்தால் பஞ்சர் போட்டுச் சரி செய்ய முடியாது. டயரை மாற்றியே ஆக வேண்டும்.

அளவை மாற்றுவதாக இருந்தால், கார் நிறுவனம் அங்கீகரித்த அளவுதானா என்று ஓனர் மேனுவலில் பார்த்துவிட்டு, இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். கிளெய்ம் நேரத்தில் கேள்வி வந்தால் பதில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் ரிம்மை விட்டுவிட்டு அதே 16 இன்ச்சில் ஒரு படி மேலான டயர் வாங்குவதுதான் லாபம்.

பட்ஜெட்: கிலோமீட்டருக்கு எவ்வளவு?

புது டயர்கள் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் ஸ்போர்ட்ஸ் டயர் விலை கேட்டால் தூக்கிவாரிப் போடத்தான் செய்யும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். நான்கு டூரிங் டயர் 32,000 ரூபாய், 50,000 கி.மீ. ஓடும் என்று வைப்போம். கிலோமீட்டருக்கு 64 பைசா. நான்கு ஸ்போர்ட்ஸ் டயர் 48,000 ரூபாய், 35,000 கி.மீ. மட்டும் ஓடும் என்றால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 37 பைசா. வித்தியாசம் 73 பைசா. மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் 730 ரூபாய். லிட்டர் 100 ரூபாய், 12 கி.மீ. மைலேஜ் என்றால் பெட்ரோலுக்கே கிலோமீட்டருக்கு 8 ரூபாய்க்கு மேல் ஆகிறது. உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். மொத்தத் தொகையாகப் பார்க்கும்போது இருக்கிற பயம், கிலோமீட்டராகப் பார்க்கும்போது குறையும்.

கிடைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சென்னையைச் சுற்றி ஒரகடத்தில் அப்போலோ, தேர்வாய்க்கண்டிகையில் மிஷெலின், திருவொற்றியூரில் எம்ஆர்எஃப் என்று டயர் ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் 2020 ஜூனில் கார் டயர் இறக்குமதியை உரிமம் தேவைப்படும் பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. அதிலிருந்து, வெளிநாட்டில் இருந்து மட்டும் வரும் ஸ்போர்ட்ஸ் டயர்களைச் சில அளவுகளில் தேடிப் பிடிப்பது சிரமமானது. 205/55 ஆர்16 உலகம் முழுவதும் புழங்கும் அளவு என்பதால் தேர்வுகள் அதிகம். அபூர்வ அளவாக இருந்தால் டயர் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் கடையில் இருப்பதைத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

ரெண்டு மட்டும் மாத்தினா போதுமா?

நான்கும் ஒரே மாடலாக இருப்பதே நல்லது. பட்ஜெட் இடிக்கிறது, இரண்டுதான் முடியும் என்றால், புது டயர்களைப் பின்பக்கம் போடுங்கள். "முன் வீல்தானே இழுக்குது, முன்னாடி போடுங்கண்ணா" என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் கார் திரும்பாமல் நேராகப் போகும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். அதை மீட்பது அனுபவசாலிக்கே கடினம்.

கடையை விட்டுக் கிளம்பும் முன்

* நான்கு டயரிலும் அளவு, எடைக் குறியீடு, வேகக் குறியீடு, தயாரிப்பு வாரம் ஆகியவற்றை மாட்டும் முன்பே பார்த்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

* 'அவுட்சைட்' என்று எழுதிய பக்கம் வெளியே இருக்கிறதா, சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் சரியான பக்கம் பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

* வால்வை மாற்றச் சொல்லுங்கள். பேலன்சிங், வீல் அலைன்மென்ட் இரண்டும் செய்யுங்கள். அலைன்மென்ட் தவறாக இருந்தால் புது டயரும் ஒரு ஓரம் மட்டும் தேயும்.

* காற்றழுத்தம் டிரைவர் கதவு ஓரத்திலோ பெட்ரோல் மூடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடி இருக்கட்டும். டயர் சூடாகும் முன் அளக்க வேண்டும். ஃபுல் லோடுக்கு தனி எண் கொடுத்திருப்பார்கள், ஊருக்குப் போகும்போது அதைப் போடுங்கள்.

* பில்லில் டயரின் வரிசை எண்ணை எழுதி வாங்குங்கள். வாரன்டிக்கு அது வேண்டும்.

* முதல் சில நூறு கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டுங்கள். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பு போன பிறகுதான் முழுப் பிடிப்பும் வரும்.

இவ்வளவும் பார்த்துவிட்டு, இரண்டு டயர்கள் சமமாக நிற்கின்றன, எதை வாங்குவது என்றே தெரியவில்லை என்றால், அப்போது கேளுங்கள்: "அண்ணா, இதுல எது அதிக கிலோமீட்டர் ஓடும்?"